கான் பாபாவின் மாணவன்: 1556-இல் அக்பர்

அக்பரைப் பற்றி எழுதுங்கள் என்று சொன்னால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? மன்சப்தாரி முறை, ஜிஸ்யா வரி நீக்கம், தீன்-இ-இலாஹி, ஃபத்தேபூர் சிக்ரி. எல்லாம் சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இரண்டாம் பானிபட் போர் மட்டும் ஒரே வரியில் ஓடிப்போய்விடும்: "1556-இல் அக்பர் ஹேமுவைத் தோற்கடித்தார்." அவ்வளவுதான்.

அந்த வரியை ஒரு முறை நிறுத்திப் படியுங்க. அக்பர் பிறந்தது 1542 அக்டோபர் 15. போர் நடந்தது 1556 நவம்பர் 5. அப்படியானால் வயது என்ன? 14 முடிந்து மூன்று வாரம். நம்ம ஊர்க் கணக்கில் படிவம் 2, சிங்கப்பூரில் உயர்நிலை 2. அப்பா இறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பையன்தான் ஒரு பேரரசை வென்றான் என்று நாம் எழுதுகிறோம். (சக்கரவர்த்தியை "அவன்" என்று எழுதலாமா என்று கேட்காதீங்க. இந்தக் கட்டுரையில் வருவது 14 வயதுப் பையன்.)

உண்மையில் போரை நடத்தியவர் யார்? பையனைப் போருக்குக் கொண்டுவந்தவர் யார்? எதைச் சொல்லிக் கொண்டுவந்தார்? இந்தக் கேள்விகளை வகுப்பில் எழுப்பினால் ஒரு பாடவேளை போதாது.

முதலில் அந்தப் பிள்ளையின் கதை. ஹுமாயூன் 1540-இல் ஷேர் ஷாவிடம் தோற்று நாட்டை இழந்தார். அவர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சிந்துப் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள உமர்கோட்டில் அக்பர் பிறந்தான். ஒரு வயது ஆவதற்குச் சற்று முன்பின்னாக, பெற்றோர் அவனை விட்டுவிட்டு ஈரான் பக்கம் தப்பிப் போக வேண்டி வந்தது. குழந்தை சித்தப்பா அஸ்காரியின் கையில் சிக்கியது. பிறகு இன்னொரு சித்தப்பா காம்ரானின் பொறுப்பில் காபூலில் வளர்ந்தது. ஹுமாயூன் திரும்பி வந்து காபூலை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு விழும் கோட்டைச் சுவரின் மேல் காம்ரான் இந்தக் குழந்தையை வைத்தான் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். 1551-இல் இன்னொரு சித்தப்பா ஹிந்தால் சண்டையில் செத்தார். 1553-இல் காம்ரானின் கண்களைக் குருடாக்கினார்கள். சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே இத்தனையும் நடந்தது. சிறு வயதிலேயே இதெல்லாம் பார்த்த பிள்ளைக்குப் பயம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

படிப்பு ஏறவில்லை. ஆசிரியர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். புறா, நாய், ஒட்டகம், குதிரை, வேட்டை என்றால் ஓடுவான். புத்தகம் என்றால் காணாமல் போய்விடுவான். (நமக்குத் தெரிந்த முகம்தானே!)

1555 ஜூலையில் ஹுமாயூன் மறுபடி டில்லிக்குள் நுழைந்தார். பதினைந்து வருடக் கனவு. பையனைப் பஞ்சாபுக்கு அனுப்பி, கூடவே பைராம் கானை "அத்தாலிக்" ஆக நியமித்தார். இந்தச் சொல்லைக் கவனியுங்க. துருக்கிய மொழியில் "ஆத்தா" என்றால் தகப்பன். நம் "ஆத்தா" வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அத்தாலிக் என்பவர் இளவரசனுக்குத் தகப்பன் இடத்தில் நின்று வாளும் அம்பும் அரசியலும் கற்றுக்கொடுப்பவர். அவன் பெயரால் படையையும் நடத்துபவர். பைராம் கானை அக்பர் கூப்பிட்டது "கான் பாபா" என்று. பாபா என்றாலும் அப்பாதான்.

1556 ஜனவரி கடைசி வாரம். டில்லியில் தன் நூலகத்தின் படியில் இறங்கிக்கொண்டிருந்த ஹுமாயூன், தொழுகை அழைப்பு கேட்டு நின்று மண்டியிடப் போனபோது கால் இடறி விழுந்தார். சில நாளில் உயிர் போனது. சாவை உடனே வெளியே சொல்லவில்லை. அந்த நேரத்தில் டில்லியில் இருந்த துருக்கிக் கடற்படைத் தளபதி சீதி அலி ரெயிஸ் தன் பயண நூலில் இதை எழுதியிருக்கிறார்: மன்னரைப் போல இருந்த ஒருவரை அரச உடையில் உட்காரவைத்து மக்களுக்குக் காட்டினார்களாம். மகனுக்குச் சேதி போய்ச் சேரும்வரை நாடு கையை விட்டுப் போகக்கூடாது, அதுதான் காரணம். பிப்ரவரி 14-இல் கலானூர் என்ற ஊரில், ஒரு தோட்டத்தில் செங்கல் மேடை கட்டி, 13 வயதுப் பையனை அரியணை ஏற்றினார்கள். அந்த மேடை இன்றைக்கும் பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அரண்மனை இல்லை. அம்மா ஹமீதா பானுவும் பக்கத்தில் இல்லை, அவர் காபூலில். அடுத்த வருடம்தான் மகனிடம் வந்து சேர்ந்தார். ஆக, அப்பா இறந்த பையனுக்கு அந்தப் பத்து மாதமும் பக்கத்தில் இருந்த பெரியவர் கான் பாபா ஒருவர்தான்.

இப்போது ஹேமு. ரேவாரியைச் சேர்ந்த வணிகக் குடும்பத்து மனிதர். சூர் வம்சத்து ஆதில் ஷாவிடம் அமைச்சராகி, படைத்தலைவராகி, போர் மேல் போராக வென்றுகொண்டு வந்தவர். பாடநூல்கள் அவரை "எதிரி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பாது. அந்தக் காலத்து வட இந்தியாவின் மிகத் திறமையான தளபதிகளில் அவர் ஒருவர். 1556 அக்டோபரில் துக்ளகாபாத்தில் முகலாயப் படையை முறியடித்து டில்லியைப் பிடித்தார். விக்ரமாதித்தன் என்று பட்டமும் சூட்டிக்கொண்டார். டில்லியைக் காக்க வேண்டிய முகலாயத் தளபதி தார்தி பேக் தப்பித்து வந்துவிட்டார்.

ஜலந்தரில் இருந்த முகாமுக்குச் சேதி வந்தது. ஆலோசனை நடந்தது. பெரும்பாலான தளபதிகள், "காபூலுக்குத் திரும்பிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். படைபலத்தைப் பார்த்தால் அது கோழைகளின் பேச்சும் இல்லை. பைராம் கான் மட்டும் போர்தான் என்று நின்றார். அக்பரும் அவர் பக்கம் நின்றான்.

ஏன் நின்றான்? இங்கேதான் வரலாற்று மாணவன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பைராம் கான் பையனிடம் தனியாக என்ன பேசினார் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. ஆனால் சூழ்நிலையைப் பாருங்க. காபூலுக்குத் திரும்புவது என்றால் அந்தப் பையனுக்கு என்ன அர்த்தம்? அப்பா பதினைந்து வருடம் நாடோடியாகத் திரிந்தது, கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தது, சித்தப்பாக்களின் கை. அப்பா செத்த ஊர் டில்லி, அதுவும் இப்போது போய்விட்டது. முன்னே ஹேமு, பின்னே அந்தப் பழைய வாழ்க்கை. இரண்டில் எது அதிகப் பயம்? பைராம் கானும் ஹுமாயூனோடு அந்த ஓட்டத்தில் பங்கெடுத்தவர். அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று அவருக்குத் தெரியும். பையனின் பயத்தை அவர் போக்கவில்லை, அதற்கு ஒரு திசை காட்டினார் என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்லுங்க.

அடுத்து நடந்தது இன்னும் கடுமை. போகும் வழியில் சிர்ஹிந்தில், அக்பர் பருந்து வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தார்தி பேக்கைப் பைராம் கான் கொன்றுவிட்டார். பையன் திரும்பி வந்த பிறகு சொன்ன விளக்கம்: உங்களிடம் கேட்டிருந்தால் இரக்கப்பட்டு வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. பயந்து ஓடுபவனுக்கு என்ன கதி என்று படை முழுக்கப் புரிந்தது. இரண்டு பேருக்கும் பழைய போட்டி உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கையா, பழி தீர்த்தலா? இரண்டும்தான். பையன் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டான். வேறு வழி இருந்ததா என்பது வேறு கேள்வி.

போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலி குலி கானின் முன்படை ஹேமுவின் பீரங்கிகளைப் போருக்கு முன்பே கைப்பற்றிவிட்டது. அப்படியும் யானைப்படையோடு ஹேமு கிட்டத்தட்ட வென்றுவிட்டார். அப்போது ஓர் அம்பு அவர் கண்ணில் பாய்ந்தது. தலைவன் யானை மேல் சாய்ந்ததைப் பார்த்ததும் படை கலைந்தது. அக்பரும் பைராம் கானும் சில மைல் பின்னால், பாதுகாப்பாக இருந்தார்கள். மயங்கிய நிலையில் ஹேமுவை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பைராம் கான் பையனிடம் சொன்னார்: நீங்களே வாளால் வெட்டுங்கள், காஸி என்ற பட்டம் கிடைக்கும். அதாவது மதத்துக்காகப் போரிட்ட வீரன் என்ற பெயர். இதுதான் அந்தப் பயிற்சியின் கடைசிப் பாடம். உன்னைப் பயமுறுத்தியவன் இதோ கிடக்கிறான், உன் கையாலேயே முடி.

பையன் வெட்டினானா?

ஆதாரங்களை ஒப்பிடும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஆப்கான் சுல்தான்களின் வரலாற்றை எழுதிய அகமது யாத்கார், அக்பர் வெட்டினான் என்கிறார். ஃபரிஷ்தா, வாளால் தலையைத் தொட்டான், மிச்சத்தைப் பைராம் கான் செய்தார் என்கிறார். அபுல் ஃபஸல், அவன் மறுத்தான் என்கிறார். பதாயூனியும் மறுத்தான் என்றே எழுதுகிறார்: ஏற்கெனவே செத்தவன் மாதிரி கிடப்பவனை நான் ஏன் வெட்ட வேண்டும், உணர்வோடு இருந்தால் வேறு விஷயம் என்றானாம்.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் சொல்வது எல்லாவற்றையும் விட விசித்திரம். "இவனை நான் முன்பே துண்டு துண்டாக்கிவிட்டேன்" என்று அக்பர் சொன்னாராம். காபூலில் சிறுவனாக ஓவியர் அப்துஸ் சமதிடம் படம் வரைந்துகொண்டிருந்தபோது, கை வேறு கால் வேறாகப் பிரிந்த ஓர் உருவம் தூரிகையில் வந்துவிட்டது. இது யார் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, ஹேமு என்று வாயில் வந்ததாம். அதனால் தானே வெட்டாமல், ஆள் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்தாராம்.

இந்தக் கதையை அப்படியே நம்பலாமா? ஜஹாங்கீர் பிறந்தது 1569-இல். அவர் எழுதியது கேட்ட கதை. ஹுமாயூன் குடும்பம் காபூலை விட்டுக் கிளம்பியது 1554 கடைசியில். ஹேமு பெரிய ஆளாக எழுந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். படம் வரைந்த பிள்ளைக்கு ஹேமு என்ற பெயர் எவ்வளவு தெரிந்திருக்கும்? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உடைந்த மனித உருவத்தை வரையும் பிள்ளை என்ற பகுதி மட்டும் எனக்குப் பொய்யாகப் படவில்லை. அந்தக் குழந்தைப் பருவத்தைப் பார்த்த பிறகு நீங்களே சொல்லுங்க.

வின்சென்ட் ஸ்மித் போன்ற வரலாற்றாசிரியர்கள், மறுத்தான் என்பது அரசவை எழுத்தாளர்கள் பிற்காலத்தில் பூசிய பூச்சு, அவன் வெட்டினான் என்பதே நம்பத்தக்கது என்று கருதினார்கள். அபுல் ஃபஸல் எழுதும்போது அக்பர் பெரிய சக்கரவர்த்தி, கருணைக்குப் பெயர் போனவர். அந்தப் பெயருக்கு ஏற்ற கதை தேவைப்பட்டது. ஆனால் பதாயூனி அக்பரைப் புகழ்பவர் இல்லை, கடுமையாக விமர்சித்தவர். அவர் ஏன் அதே கதையைச் சொல்ல வேண்டும்? விடையில் இந்த இடத்தைத் தொட்ட மாணவனுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். "அபுல் ஃபஸல் நம்பத்தகாதவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது போதாது. யார், எப்போது, யாருக்காக எழுதினார், எதிர்த்தரப்பும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் வெட்டியிருந்தாலும், ஹேமுவின் தலை காபூலுக்குப் போனது, உடல் டில்லிக்குப் போனது. வெட்டிய தலைகளைக் கொண்டு கோபுரம் கட்டினார்கள். 14 வயதுப் பையன் பெயரால் நடந்தது இது.

பைராம் கானின் கணக்கு பலித்தது. ஆனால் பயப்படாமல் இருக்கக் கற்ற மாணவன், ஒரு நாள் குருவுக்கும் பயப்படாமல் போவான் இல்லையா? 1560-இல், வேட்டைக்குப் போவது போல ஆக்ராவிலிருந்து கிளம்பி டில்லிக்குப் போன 17 வயது அக்பர், ஆட்சியை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மெக்காவுக்குப் புறப்படுங்கள் என்று கான் பாபாவுக்குச் சொல்லி அனுப்பினார். பைராம் கான் கிளர்ந்தார், தோற்றார், மன்னிப்புக் கேட்டார். அக்பர் மரியாதையோடு மன்னித்தார். 1561 ஜனவரியில், மெக்கா போகும் வழியில் குஜராத்தின் பட்டணில், முபாரக் கான் என்ற ஆப்கானியன் பைராம் கானைக் குத்திக் கொன்றான். காரணம்? 1555-இல் பைராம் கான் வென்ற மச்சிவாரா போரில் அவன் அப்பா செத்திருந்தார். தகப்பனை இழந்த இன்னொரு மகன். அவன் துக்கத்துக்கு யார் என்ன திசை காட்டினார்களோ.

பைராம் கானுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகன், அப்துல் ரஹீம். பானிபட் போருக்கு ஆறு வாரம் கழித்துப் பிறந்தவன். கலவரத்தில் தப்பிய அந்தக் குழந்தையை அக்பர் தன் அவைக்கு வரவழைத்தார். துரோகியின் பிள்ளை வேண்டாம் என்று சிலர் முணுமுணுத்தும் தானே வளர்த்தார். இவனுக்கும் வாள் பயிற்சி உண்டு. 1573 குஜராத் படையெடுப்பில் 16 வயதில் கூடவே போனான். ஆனால் பாரசீகம், துருக்கி, சமஸ்கிருதம், இந்தி என்று மொழிகளும் சேர்ந்தே வந்தன. வளர்ந்து பாபரின் நினைவுக் குறிப்பைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர் இவர். இந்தி படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிற ரஹீமின் ஈரடிகள் இவருடையவை. அப்பாவின் "கான்-இ-கானான்" பட்டமும் இவருக்கே வந்தது. 1580-களின் தொடக்கத்தில், 13 வயதை ஒட்டிய இளவரசர் சலீமுக்கு அத்தாலிக் தேவைப்பட்டபோது, அக்பர் அந்த வேலையைக் கொடுத்தது இவரிடம்தான்.