'வடமாநிலத்தவர்' பற்றி ஃபார்வர்டு வருதா? அனுப்பும் முன் இதைப் படிங்க

"வெளி மாநில ஆளுங்க ஊருக்குள்ள வந்துட்டாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க." இப்படி வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வது?

ஏன் கவனம் தேவை?
2018 மே மாதம், குழந்தை கடத்தும் வடமாநில கும்பல் என்ற வதந்தியால் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். போளூர் அருகே குலதெய்வ கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டியும் பலியானார்.

2023 மார்ச்சில் நடந்தது இதற்கு நேரெதிர். தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அது பொய் என்றார் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு. அதில் ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல்.

யார் வெளியாள்?
நெசவு ஊரான அம்மையார்குப்பம் இருக்கும் திருத்தணி வட்டாரம், ஆந்திராவிடமிருந்து தமிழகத்துடன் இணைந்ததே 1960 ஏப்ரல் 1-ல்தான். இங்கே தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். இந்தியர் யாரும் எந்த மாநிலத்திலும் குடியிருக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 19-வது பிரிவு.

என்ன செய்யலாம்?
• தேதி, ஊர், காவல் நிலையம் பெயர் இருக்கா பாருங்க. இல்லைன்னா சந்தேகப்படுங்க.
• இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்த தகவல்.
• அனுப்பியவர் சொந்தக்காரரா? குரூப்பில் சண்டை வேண்டாம். தனியாக, "மாமா, இது எங்க நடந்தது?"ன்னு கேளுங்க.
• பொய்னு தெரிஞ்சா, உண்மைச் செய்தியை அதே குரூப்பில் போடுங்க.
• உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 112-க்கு போன் பண்ணுங்க. நீங்களே விசாரணையில் இறங்காதீங்க.