நெறியும் ஈரலும்: மருத்துவத் தமிழின் வரலாற்றில் ஒரு நோக்கு

கழுத்திலும் அக்குளிலும் அரையிலும் தோன்றும் கணு வீக்கத்தை மக்கள் 'நெறிகட்டுதல்' என்பர். கண்ணும் சிறுநீரும் மஞ்சள் நிறமாகும் நோயை யாழ்ப்பாணத்தார் 'செங்கமாரி' என்பர். இவ்விரண்டு சொற்களும் பழமையானவை. ஆயின் இவை குறிக்கும் உறுப்புகளிடையே நெருங்கிய தொடர்பு உண்டென்பது காலந்தாழ்த்தியே அறியப்பட்டது. அவ்வறிவு தமிழில் வழங்கப்பட்டதா என்பது மருத்துவ வரலாற்றுக்கும் நோயாளியின் நலத்துக்கும் உரிய வினாவாகும்.

பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடையனவாகப் போற்றப்படுகின்றன. சித்த மருத்துவ மரபு கழுத்துக் கணுக்களின் வீக்கத்தைக் கண்டமாலை எனவும், மஞ்சள் நோயைக் காமாலை எனவும் வேறுவேறாக வகுத்து, வாதம் பித்தம் கபம் என்னும் முக்குற்ற அடிப்படையில் ஆராய்ந்தது.

ஐரோப்பாவிலும் நிலை வேறன்று. குருதியை ஆக்கும் உறுப்பு ஈரலே என்ற கலனின் கொள்கை பல நூற்றாண்டுகள் நிலவியது. 1622இல் இத்தாலியரான அசெல்லி குடலிலிருந்து செல்லும் பால்நிறக் குழல்களைக் கண்டார். 1650களின் முற்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த றட்பெக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலினும் நிணநீர்க் குழல்களை விளக்கினர். ஈரல் தன் பழைய ஆட்சியை இழந்தது எனக் கருதிய பார்த்தோலின், அதற்கு வேடிக்கையாக ஒரு கல்லறை வாசகமும் எழுதினார். எனினும் ஈரலின் பெருமை வேறு வழியில் மீண்டது. உடலின் நிணநீரில் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை ஈரலிலேயே உண்டாகின்றது என்பது இன்றைய அறிவு.

இத்தகைய உடலறிவைத் தமிழில் தந்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ மாணவரைப் பயிற்றினார். பின்னர் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும் வெளிவந்தன. கலைச்சொல்லை முதலில் தமிழிலும், கிடையாவிடின் வடமொழியிலும் தேடி, இரண்டிலும் இல்லாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் உருவிற் கொள்வது அவரது முறை. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மொழியோ ஆங்கிலம்.

கிறீன் காலத்துக்குப் பின்னரே, உடலின் காப்புச் சத்தியே தன் உறுப்பைத் தாக்கலாம் என்ற கருத்து உருப்பெற்றது. 1950இல் சுவீடனைச் சேர்ந்த வால்டன்ஸ்ரோம் இளம் பெண்களிடம் கண்ட நீடித்த ஈரலழற்சியை விவரித்தார். 1956இல் அவுஸ்திரேலியாவில் மக்கேயும் உடனாய்வாளரும் அதற்கும் காப்புச் சத்தியின் பிறழ்வுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினர். 1970களின் தொடக்கத்தில், ஸ்ரீரொயிட்டு மருந்துகள் அந்நோயாளரின் ஆயுளை நீட்டுகின்றன என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டது.

தன்னுடலைத் தாக்கும் இவ்வகை ஈரல் நோய்களில், ஈரலின் வாயிலை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்கள் பருத்திருத்தல் பெரும்பாலும் அழற்சியின் விளைவே. அது வயிற்றறைக்குள் நிகழ்வதாதலின் கைக்குப் புலனாகாது. ஒலியலைப் படத்திலேயே தெரியும். கழுத்திலோ அக்குளிலோ தோன்றும் வீக்கத்தை அவ்வாறே ஈரல் நோயின் பகுதி எனத் தள்ளிவிடலாகாது. காப்புச் சத்தியை அடக்கும் மருந்துகளை உண்போரிடம் தொற்று எளிதிற் பற்றும். காசநோயும் கழுத்துக் கணுக்களில் வெளிப்படும். அரிதாக நிணநீர்ப் புற்றுநோயும் காரணமாகலாம். எனவே சில வாரங்களில் வற்றாத, வளர்கின்ற, கடினமான கணுவையும், காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு ஆகியவற்றோடு கூடிய வீக்கத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. மருந்தைத் தாமே நிறுத்துவதும் கேடாகும்.

'பழைய நெறிதானே' என ஒருவர் வாளாவிருப்பதும், உரிய வேளையில் மருத்துவரை நாடுவதும் அவர் அறிந்த மொழியில் கிடைக்கும் விளக்கத்தைப் பொறுத்தன. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் தோன்றியது. அங்கும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமே. மாணவர் எம்மொழியிற் கற்பினும், நோயாளி தன் வலியைச் சொல்வது தமிழிலேயாம். மானிப்பாயில் தொடங்கிய பணி நூலகத்துப் பெருமையாக மட்டும் எஞ்சாமல், நோயாளியின் படுக்கையருகே தொடர்தல் வேண்டும்.