பொற்கலமும் கண்ணாடிக் கிண்ணமும்

யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் மாந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56 ஆம் பாடல் காட்டும். 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் கண்ட உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் அவ்வணிகத்திற்குச் சான்றாயின.

மன்னன் பொன்னில் அருந்தினான். உரோமாபுரியின் எளிய குடிமகனோ கண்ணாடியில் அருந்தினான். கி.மு. முதல் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் தோன்றிய ஊதுகுழல் முறை கண்ணாடியை மலிவாக்கிற்று. உரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்ததென ஸ்டிராபோ எழுதியுள்ளார்.

சிங்கப்பூரில், 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. 2015 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொதுவிடங்களில் மதுவருந்துவதைத் தடுத்தது. அவ்வட்டாரத்திற்கு மேலும் கடுமையான விதிகளை வகுத்தது. அந்நேரத்தில் அருந்த விழைவோர் பலர்க்கு இல்லமே இடமாயிற்று.

இல்லத்திற்கேற்ற கிண்ணம் எது? சுவைத்துத் தேர்வோர்க்கென 1977 இல் வகுக்கப்பட்ட அனைத்துலகத் தரம் வழிகாட்டும்: நிறம் தெரியும் தெளிவு, விரிந்த வயிறு, மணம் சிதறாவண்ணம் குறுகிய வாய், ஏறத்தாழ 215 மில்லிலிட்டர் கொள்ளளவு. பொன்னும் பூவேலையும் அதில் இல்லை. வடிவம் பொருந்தினால் மலிவான கண்ணாடியே போதும். அக்கிண்ணத்தையும் நிரப்புதல் முறையன்று. மணம் தங்க மேற்பகுதி வெறுமையாக இருத்தல் வேண்டும். கலத்தின் விலையைக் காலம் குறைத்தது. அளவைக் காப்பது அருந்துவோன் கடன்.