அசகுசாவில் பார்த்த கந்தல்கள்

2012ஆம் ஆண்டு டோக்கியோவில் சில நாட்கள் தங்க நேர்ந்தபோது, அங்கே நெடுங்காலம் தொழில் செய்துவந்த எங்கள் ஊர் நண்பர் ஒருவர் என்னை அசகுசாவுக்கு அழைத்துச் சென்றார். சென்சோஜி என்ற பழைய பௌத்த ஆலயத்தின் அருகே அமியூஸ் நூதனசாலை இருந்தது. ஜப்பானியப் போர்வைகளின் கண்காட்சி என்று சொல்லியிருந்தார். பட்டும் பூவேலையும் எதிர்பார்த்துப் படியேறினேன். கண்டவை கந்தல்கள்.

ஜப்பானிய மொழியில் ‘பொரோ’ என்றால் கந்தல்தான். ஒட்டின் மேல் ஒட்டு. அதன் மேல் இன்னொன்று. முதலில் இருந்த துணி எதுவென்று தெரியாத அளவுக்கு, நீலச் சாயம் மங்கிய துண்டுகள்.

இவை பிரதான தீவின் வடமுனையான அவோமோரியைச் சேர்ந்தவை. அங்கே குளிரில் பருத்தி விளையாது. குடியானவர்கள் ‘ஆசா’ என்ற நார்ச்செடியைப் பயிரிட்டு, நூற்று, நெய்து உடுத்தினர். (நம் பொலிஸார் வேறு காரணத்துக்காகப் பிடுங்கி எறியும் செடியின் இனம்தான்.) அந்தத் துணியின் இழைகளுக்கிடையே காற்று தாராளமாகப் புகும். போதாததற்கு 1724இல் த்சுகாரு ஆட்சியாளர் சிக்கனத்தின் பேரில், விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாதென்று கட்டளையிட்டனர். பனி வானத்திலிருந்து வந்தது, இது கடதாசியில் வந்தது. பெண்கள் இழை இடைவெளிகளை நூலால் அடைத்துத் தைத்தார்கள். ‘கொகின்’ என்று இன்று கொண்டாடப்படும் தையல் அப்படி வளர்ந்ததுதான். நாம் அதைக் கோலம் என்று பார்க்கிறோம். அவர்களுக்கு அது குளிருக்கு அடைப்பு.

மேற்குக் கடலோரமாக ஒசாக்கா பக்கமிருந்து வந்த வணிகக் கப்பல்கள் பழைய பருத்தித் துணிகளையும் கொண்டுவந்தன. உள்ளங்கையளவு துண்டும் வீணாகவில்லை. 1891இல் டோக்கியோவின் உவேனோவிலிருந்து அவோமோரி வரை ரயில் ஓடத் தொடங்கிய பின்னரே பருத்தி நூல் எளிதாகக் கிடைத்தது.

‘டொன்ஜா’ என்ற கைவைத்த போர்வை ஒன்று இருந்தது. எடை ஏறத்தாழ 14 கிலோ. குடும்பமே அதற்குள் வெற்றுடம்போடு ஒட்டிப் படுத்து, ஒருவர் சூட்டை மற்றவருக்குக் கொடுத்து உறங்குமாம். இன்னொன்று ‘பொதொகோ’. பிரசவ நேரத்தில் விரிக்கும் துணி. முன்னோர் உடுத்தவற்றை இணைத்துத் தைத்தது. பிறக்கும் பிள்ளையை முதலில் ஏந்துவது அதுதான். இதற்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

அங்கே பொருட்களைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு. நண்பர் மட்டும் கையைப் பைக்குள் வைத்திருந்தார்.

“இத வடிவெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல. எங்கட உம்மாவும் பழைய சாரன்கள ஒட்டித்தான் போர்வை தெச்சா. ஆரும் வந்தா ஒளிச்சு வெப்பம்” என்றார்.

அவோமோரியிலும் அப்படித்தான். காலம் மாறியதும் இந்தத் துணிகள் வெட்கமாகிவிட்டன, பலர் எரித்தார்கள். நாட்டார் வழக்கியல் ஆய்வாளர் தனாகா சூசாபுரோ (1933 – 2013) கிராமம் கிராமமாக அலைந்து மிஞ்சியவற்றைச் சேர்த்தார். அவர் சேகரித்த தையலுடைகளில் 786ஐ ஜப்பானிய அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. எண்ணைக் கேட்டதும் நண்பர் என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

இப்போது பொரோவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கலைப்பொருளாக விலைகொடுத்து வாங்குகிறார்கள். சுவரில் மாட்டினால் நவீன ஓவியம் போலத்தான் இருக்கிறது, மறுக்க முடியவில்லை. எனக்கும் அழகாகத்தான் பட்டது. நண்பர் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. அந்த நூதனசாலை 2019இல் மூடப்பட்டது.

வெளியேறும்போது அவரைக் காணவில்லை. திரும்பி உள்ளே போனேன். டொன்ஜாவின் கைப்பகுதியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு தையல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.