படமும் பசியாறலும்: தேக்கா வட்டாரத்தின் பழங்கதை



பரிசளிப்பு விழா மலர் என்றால் சினிமாவால் வரும் கேட்டைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். கடைச் சாப்பாடு காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு என்று அதிலேயே ஒரு பத்தியும் சேர்ந்துகொள்ளும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் நம்மவர் வாழ்ந்த வரலாற்றை எழுதப் புகுந்தால், படக்கொட்டகையையும் சாப்பாட்டுக் கடையையும் ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தேக்காவுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். பஃபலோ ரோடு என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் ரோடு. அங்கே 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. மாடு இருந்த இடத்துக்குப் பால்காரர் வந்தார், புல் வெட்டுபவர் வந்தார், வண்டிக்காரர் வந்தார். வந்தவர்களில் தனி ஆண்களே அதிகம். பெண்டாட்டி பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பக்கமோ இராமநாதபுரத்துப் பக்கமோ இருக்க, இவர்கள் ஓர் அறையில் பலராய்ப் பாயை விரித்துப் படுத்தார்கள். அடுப்பு இல்லாதவனுக்குச் சாப்பாட்டுக் கடைதான் வீட்டுச் சமையற்கட்டு. ஊர்ச் செய்தியும் வேலைச் செய்தியும் அங்கேதான் கிடைக்கும். "என்ன அண்ணே, ரெண்டு நாளா ஆளைக் காணோம்?" என்று கேட்க ஒருவர் அங்கேதான் இருப்பார்.

செலிகி ரோட்டில் ஆனந்த பவன் 1924ல் தொடங்கியது. சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947ல் வந்தது. அதற்கும் முன்பே, 1908ல், நார்த் பிரிட்ஜ் ரோட்டில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே ஜம் ஜம் கடை முர்தபாக் போட ஆரம்பித்துவிட்டது. இவையெல்லாம் ஊரிலிருந்து வந்த ருசிகள். இங்கேயே பிறந்த ருசிகளும் உண்டு. மீன் தலைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 1949ல் சோஃபியா ரோட்டில் கடை வைத்த எம். ஜே. கோமஸ் என்ற கேரளக்காரர், சீனர்கள் மீன் தலையை விரும்பித் தின்பதைக் கவனித்து, அதை நம் மசாலாவில் போட்டுக் கொதிக்க வைத்தார் என்பார்கள். 1969ல் தொடங்கிய முத்து கறிக்கடை அதைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோனது. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "தலையையா? முழுசாவா?" என்று முகம் சுளிப்பார்கள். பிறகு சட்டி காலியாகும்!

இனிப் படத்துக்கு வருவோம். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931ல் வெளிவந்தது. கூலிக்காரனுக்குத் திரைப்படத்தில் தமிழ்ப் பேச்சும் பாட்டும் காசு கொடுத்துக் கேட்கக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ராயல், டைமண்ட் கொட்டகைகளில் தமிழ்ப் படம் ஓடும். தேக்காச் சந்தைக்கு எதிர்ப்புறம், மெக்கன்சி ரோட்டில், 1946ல் ரெக்ஸ் கொட்டகை திறந்தது. ரெக்ஸிலிருந்து புக்கிட் தீமா ரோட்டைக் கடந்தால் சிராங்கூன் ரோடு. படம் விட்டதும் கால்கள் தாமாகத் தோசைக் கடைக்குப் போகும். படமும் பசியாறலும் ஒரே பயணம்தான்.

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் இன்னொருவர்: கொட்டகை வாசலில் நின்ற கச்சாங் பூத்தேக்காரர். கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாவற்றையும் பழைய தாளைச் சுருட்டிய கூம்பில் போட்டுக் கொடுப்பார். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. ஈப்போ பக்கம் புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று அந்தத் தொழிலின் பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது.

கொட்டகை பொழுதுபோக்கு மட்டும்தான் என்பாருக்கு ஒரு செய்தி. 1939ல் திறந்த கேத்தே கொட்டகையில்தான் 1943 ஜூலை 4ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அவர் பிரகடனம் செய்ததும் அங்கேதான். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆண்களும் பெண்களும் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதை இந்த மலரைப் படிக்கும் தோட்டத்துப் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும். அவர்கள் அம்மா, சின்னம்மா பெயர்கூட அதில் இருக்கலாம்.

மலாய்ப் படங்களிலும் நம் பங்கு உண்டு. பாலஸ்டியர் ரோட்டுக்கு அருகே ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் 1967 வரை நடந்தது. அதில் இந்திய இயக்குநர்கள் பலர் பணியாற்றினார்கள். பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய பக்தி என்ற 1950ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். மலாய் நண்பர்கள் ரம்லியின் பாட்டை முணுமுணுக்கும்போது இதையும் சொல்லுங்கள்.

1963ல் தொலைக்காட்சி வந்தது. பிரிட்டிஷ் படை 1971ல் விலகியபோது செம்பவாங் கடற்படைத் தளத்து ஊழியர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடியோ நாடா வந்தது. 1983ல் ரெக்ஸ் மூடியது. பிறகு 2009ல் இந்தியப் படங்களுக்காக மறுபடி கதவு திறந்தது என்றாலும், பழைய கூட்டம் பழைய கூட்டம்தான். கச்சாங் பூத்தே வண்டிகளும் ஒவ்வொன்றாய் மறைந்தன. சாப்பாட்டுக் கடைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. வீட்டிலேயே படம் பார்க்க வழி வந்துவிட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக்கு அப்படியொரு பெட்டி இன்னும் வரவில்லை!

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் தாத்தா பழைய படம் போட்டால் "எப்பப் பார்த்தாலும் இதேதானா?" என்று அணைத்துவிடாதீர்கள். 1978ல் வந்த பிரியா, 1979ல் வந்த நினைத்தாலே இனிக்கும் ஆகிய படங்கள் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. பிரியா சுஜாதாவின் நாவல்; நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர். மாணவர்களே, ரஜினியையும் கமலையும் ஒருமுறை பார்த்தாயிற்று. அடுத்த முறை அவர்களுக்குப் பின்னால் தெரியும் தெருவையும் பேருந்தையும் பாருங்கள். பக்கத்தில் தாத்தாவை உட்கார வைத்துக்கொண்டு, "இது எந்த இடம்? படம் விட்டு எங்கே சாப்பிட்டீங்க? எத்தனை காசு?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். கட்டடத்தின் கதையை எழுத அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா எந்தக் கொட்டகைக்கு யாரோடு போனார் என்பதை எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போனால், தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார் கூட்டம் கூட்டமாய் இருப்பார்கள். அவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களே. கையில் பொட்டலச் சோறு, கைப்பேசியில் ஏதோ ஒரு படம். பக்கத்தில் உட்கார்ந்து, "பசியாறிட்டீங்களா அண்ணே? என்ன படம்?" என்று கேட்டுப் பாருங்கள்.