டுபாயா வரைந்த கடல்

1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை தாகித்தித் தீவிலிருந்து அளந்து முடித்ததோடு, ஜேம்ஸ் குக்கின் பயணத்துக்கு ஊரறியச் சொல்லப்பட்ட காரணம் முடிந்தது. மீதி இருந்தது ரகசிய ஆணை: தெற்கே பெருங்கண்டம் ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். ஜூலை 13-ம் தேதி 'எண்டெவர்' நங்கூரம் தூக்கியபோது கப்பலில் புதிதாக ஒருவர் இருந்தார். பெயர் டுபாயா.

ராயாதேயா தீவில் பிறந்தவர், பூசாரி, கடலோடி. போராபோரா வீரர்களின் படையெடுப்பில் சொந்த நிலத்தை இழந்து தாகித்திக்கு வந்தவர். அவரை ஏற்றிக்கொள்ள குக் முதலில் இசையவில்லை. செல்வந்தரான இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் பொறுப்பேற்ற பிறகே சம்மதித்தார். அக்கம்பக்கத்துப் பணக்காரர்கள் சிங்கம், புலி வளர்ப்பதுபோல இவரை வைத்துக்கொள்ளலாம் என்று பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருப்பதைப் படிக்கையில் நெஞ்சு கசக்கிறது. ஏனென்றால், அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பசிபிக்கை உண்மையிலேயே அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

திசைகாட்டியோ கடல் வரைபடமோ இல்லாமல், நட்சத்திரம், காற்று, அலையின் போக்கு இவற்றைக் கொண்டே கடலோடிய மரபு அவருடையது. கப்பல் எங்கெங்கோ வளைந்து திரும்பிய பிறகும் தாகித்தி இருக்கும் திசையை அவரால் கைநீட்டிக் காட்ட முடிந்ததாம். குக்கும் மற்றவர்களும் பெயர்களை எழுதிக்கொள்ள, அவர் 74 தீவுகள் கொண்ட வரைபடம் ஒன்றை உருவாக்கித் தந்தார். மூலம் தொலைந்துவிட்டது, படிகளே மிஞ்சின. அதில் பல தீவுகள் இடம் மாறிக் கிடப்பதாக ஐரோப்பியர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். வடக்கை மேலே வைத்துப் படித்ததுதான் கோளாறு என்கிறார்கள் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். புறப்படும் தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகும் திசையை, உச்சிவேளைச் சூரியனை ஆதாரமாகக் கொண்டு குறித்திருக்கிறார் என்பது அவர்கள் கணிப்பு.

அக்டோபரில் நியூசிலாந்து. கரையிறங்கிய முதல் நாளே ஒரு மாவோரி சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் டுபாயா தாகித்தி மொழியில் பேசினார். சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்த மக்களுக்கு அது புரிந்தது! அன்றும் ரத்தம் சிந்தியது என்றாலும், பிறகு வந்த மாதங்களில் பேச்சுவார்த்தை அவர் வழியாகத்தான் நடந்தது. மாவோரிகளின் கண்ணில் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. முன்னோர்களின் நிலத்திலிருந்து வந்த குரு.

அவர் தீட்டிய ஓர் ஓவியம் லண்டனில் இருக்கிறது. மாவோரி ஒருவர் பெரிய சிங்கி இறாலை நீட்டுகிறார். கோட்டு அணிந்த ஆங்கிலேயர் பதிலுக்குத் துணியைக் கொடுக்கிறார். இருவருமே தங்கள் கைப்பொருளை இன்னும் விட்டுவிடவில்லை. இதை வரைந்தவர் டுபாயாதான் என்பது, பேங்க்ஸின் பழைய கடிதம் ஒன்று கிடைத்த 1997-ல்தான் உறுதியானது.

1770 இறுதியில் கப்பல் பழுதுபார்க்க பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நின்றது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின. முதலில் உடன் வந்த சிறுவன் தையாதா போனான். சில நாட்களில் டுபாயாவும் போய்விட்டார். குக் அவரை அறிவாளி என்று மெச்சினார். கூடவே, கர்வி, பிடிவாதக்காரர் என்றும் எழுதிவைத்தார். அந்தக் கர்வத்துக்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1773-ல் ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி நியூசிலாந்துக்கு வந்தபோது மாவோரிகள் டுபாயாவைத்தான் விசாரித்தார்கள். அதே ஆண்டு குக் போராபோராக்காரரான மஹினே என்ற இளைஞரைக் கப்பலில் சேர்த்துக்கொண்டார். தென்துருவப் பனிக்கடல் வரை போன அந்தத் தீவுவாசியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)