இரண்டே எஞ்சிய ஆறு வீச்சு இயந்திரம்

இங்கிலாந்தின் செஷையர் வட்டாரத்தில், பாயின்டன் என்ற ஊரில் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் அமைந்துள்ளது ஆன்சன் இயந்திர அரும்பொருளகம். எரிவாயுவிலும் எண்ணெயிலும் ஓடிய பழைய இயந்திரங்களைத் தொண்டூழியர்கள் பழுதுபார்த்து, அவற்றில் பலவற்றை வருகையாளர்கள் முன் ஓட்டிக் காட்டுகின்றனர்.

அங்குள்ளவற்றில் அரியது கிரிஃபின் இயந்திரம். ஜெர்மானியர் நிக்கோலஸ் ஆட்டோ 1876ஆம் ஆண்டு உருவாக்கிய நான்கு வீச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை இருந்தது. அதற்கு உரிமத் தொகை கட்ட விரும்பாத பாத் நகரப் பொறியாளர் சாமுவேல் கிரிஃபின், 1883ஆம் ஆண்டு ஆறு வீச்சு முறையைக் கொண்டுவந்தார். பிஸ்டனின் கூடுதல் இரண்டு வீச்சுகள் புதிய காற்றை இழுத்து, சிலிண்டரில் தங்கிய புகையுடன் வெளியே தள்ளின. பணத்தை மிச்சப்படுத்தப் பிறந்த புதுமை! அறிந்தவரை இன்று இரண்டு கிரிஃபின் இயந்திரங்களே எஞ்சியுள்ளன. மற்றொன்று பாத் நகரில் இருக்கிறது.

இத்தகைய இயந்திரங்களை ஓட்டினால் அசல் பாகங்கள் தேயும். மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது. புதிதாக வார்க்க வேண்டும். ஓட்டாமல் விட்டாலோ, அவற்றைக் கிளப்பத் தெரிந்த கைகள் அருகிவிடும். நிறுத்தி வைப்பதிலும் கவனம் தேவை. குளிர்காலத்தில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரை வடிக்க மறந்தால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும்.